கீழ் வரிசை, வலது, ஆறு

எங்கள் வீட்டுக்கும் சுத்தக்கா வீட்டுக்கும் நடுவில் ஒரு செங்கல் கனத்துக்குத்தான் சுவர். அங்கே தட்டு விழுந்தால் இங்கே பூனை எழுந்து உட்காரும். ஆகவே இந்தக் கதையில் பாதி நான் ஒட்டுக் கேட்டதல்ல, தானாகக் காதில் விழுந்தது. மீதியைச் சுத்தக்காவே பிறகு வந்து என் மனைவியிடம் சொன்னாள். நான் பேப்பர் படிப்பதுபோல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

சுத்தக்கா என்பது பல் ஆஸ்பத்திரியில் வைத்த பெயர். செருப்புக் கடைக்கு மேலே, செங்குத்தான மாடிப்படி ஏறிப் போனால் மூன்று நாற்காலி போட்ட ஆஸ்பத்திரி. பத்தொன்பது வருஷமாக அவளுக்கு அங்கேதான் வேலை. இடுக்கி, கண்ணாடிக் குச்சி, சுரண்டும் கம்பி எல்லாவற்றையும் பிரஷ் போட்டுத் தேய்த்து, உலர்த்தி, உறையில் போட்டு ஒட்டி, நீராவிப் பெட்டியில் வேகவைத்து எடுப்பாள். பெரிய டாக்டர் பல் எடுக்கும்போது பக்கத்தில் நின்று கருவி கொடுப்பதும் அவள்தான். "ஒருத்தர் வாயில இருந்தது இன்னொருத்தர் வாய்க்குப் போகக் கூடாது. அவ்வளவுதான் என் உத்தியோகம்" என்பாள். விரல் நுனிகள் எப்போதும் தண்ணீரில் ஊறி வெளுத்திருக்கும்.

அவள் வீட்டுக்காரர் வெல்டர். ஏழு மாதத்துக்கு முன் பட்டறையில் பொறி தெறித்து ஒரு கண் மங்கிப்போய், அன்றிலிருந்து வீட்டோடு இருந்தார். அவருடைய தங்கையும் அவர்களோடுதான். அதே பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் உட்காருகிறவள். சுத்தக்கா சொல்லித்தான் அந்த வேலை கிடைத்தது. ஆக மொத்தம் அந்த வீட்டில் மூன்று பேர் வயிறும் ஊராரின் பல்வலியை நம்பித்தான் இருந்தது.

பெரிய டாக்டர் ஐம்பத்தெட்டு வயதுப் பெண்மணி. குட்டையான உருவம், உரத்த சிரிப்பு. தரை துடைக்க வருகிறவர் உட்பட எல்லோரையும் 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார். அவர் ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் உண்டு. கருவி கழுவும் அறைக் கதவில் ஒரு நோட்டு கயிற்றில் தொங்கும். அவரவர் செய்த தப்பை அவரவர் அதில் எழுத வேண்டும். அடுத்தவர் தப்பை எழுதக் கூடாது. எழுதினால் அதுவே ஒரு தப்பு. சனிக்கிழமை மதியம் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, நோட்டை உரக்கப் படிப்பார்கள். முதலில் படிப்பது டாக்டர் தன்னைப் பற்றி எழுதியதை. "கோபத்தில் தட்டை டமாலென்று வைத்தேன், நாற்காலியில் இருந்தவர் பயந்துவிட்டார்" என்று ஒரு வாரம். நாத்தனார்க்காரி ஒரு முறை பெயரை மாற்றிக் கூப்பிட்டு, துணைக்கு வந்த மனிதர் உள்ளே போய் வாயைத் திறந்து படுத்துவிட்டார். அது இன்னொரு வாரம். படித்து, சிரித்து, இனி அது நடக்காமலிருக்க என்ன செய்யலாம் என்று பேசி, டீ குடித்துவிட்டுக் கலைவார்கள்.

நான் பஸ் டிப்போவில் முப்பது வருஷம் ஆபீஸ் வேலை பார்த்தவன். எங்கள் வண்டி எங்காவது இடித்தால் நாங்கள் செய்யும் முதல் காரியம், யார் தலையில் கட்டலாம் என்று ஆள் தேடுவது. சுத்தக்கா இந்த நோட்டு விவகாரத்தைச் சொன்னபோது, "பேஷ்! அப்படியே பெஞ்சு மேல ஏத்தி நிக்க வைக்கச் சொல்லும்மா" என்று கிண்டல் செய்தவன் நான்.

அந்த வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்தே மழை. பதினொரு மணிக்கு ஒரு கொத்தனார் தொப்பலாக நனைந்து வந்து சேர்ந்தார். அறுபது வயசு. நெஞ்சில் வால்வு மாற்றும் ஆபரேஷன் பதினோரு நாளில் இருந்தது. வாயில் சீழ் பிடித்த பல் இருந்தால் அந்த விஷம் ரத்தத்தில் இறங்கிப் புது வால்வையே கெடுத்துவிடும். அதனால் அதை எடுத்துவிட்டு வா என்று இதய ஆஸ்பத்திரியில் அனுப்பியிருந்தார்கள். அவருக்கு வலி கிலி ஒன்றும் இல்லை. கீழ் வரிசையில் இரண்டு பக்கக் கடைவாய்ப் பல்லிலும் பழைய அடைப்பு. வெளிப் பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருந்தன. எதன் வேர் கெட்டது என்பது எக்ஸ்ரேயில்தான் தெரியும்.

கம்ப்யூட்டரில் படம் காட்டும் கருவி அந்த வாரம் பழுது. பரணில் கிடந்த பழைய பிலிம் சாமான்களை இறக்கியிருந்தார்கள். கட்டைவிரல் அகலமுள்ள பிலிம். அதன் மூலையில் கடுகளவு ஒரு மேடு இருக்கும். அந்த மேடு பார்க்கிறவர் பக்கம் இருக்க வேண்டும். உட்பக்கம் போய்விட்டால் இடது வலதாகிவிடும். ஆறு வருஷத்துக்கு முன்பு வரை சுத்தக்கா கண்ணை மூடிக்கொண்டு செய்த வேலை இது. அன்று இரண்டு படத்தையும் அட்டையில் செருகி வெளிச்சப் பெட்டியில் மாட்டினாள். மேடு உட்பக்கம் போய்விட்டது.

பல்லை எடுக்கும் முன் டாக்டர் எந்த வரிசை, எந்தப் பக்கம், நடுவிலிருந்து எத்தனையாவது பல் என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். சுத்தக்கா படத்தைப் பார்த்து அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அதுவரை இடுக்கி டாக்டர் கைக்கு வராது. இதுவும் அந்த நோட்டில் பிறந்த விதிதான்.

"கீழ் வரிசை, வலது, ஆறு."

"கீழ் வரிசை, வலது, ஆறு."

விதி ஒழுங்காகத்தான் நடந்தது. இரண்டு பேரும் திருப்பி மாட்டிய ஒரே படத்தைப் பார்த்து, ஒரே தப்பை, ஒரே குரலில் சொன்னார்கள். பல் வந்துவிட்டது. கொத்தனார் பஞ்சைக் கடித்துக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு மழையில் இறங்கிப் போனார்.

சாயங்காலம் ஐந்து மணிக்குப் படங்களை உறையில் போடும்போது சுத்தக்காவின் கட்டைவிரல் அந்த மூலையைத் தடவியது. வழவழவென்றிருந்தது. திருப்பித் தடவினாள். மேடு அந்தப் பக்கம் இருந்தது. டப்பாவில் கிடந்த பல்லை எடுத்துக் கழுவிப் பார்த்தாள். வேர் பழுதில்லாமல் வெள்ளையாக இருந்தது.

அன்று ஆறரை மணிக்கு அவர்கள் வீட்டில் முட்டை பொரிக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் அடுப்பை அணைக்கிற சத்தம். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் பேப்பரைப் பார்த்தேன்.

"நல்லாப் பார்த்தியா நீ?" என்று வெல்டர் கேட்டார்.

"பத்துத் தடவை பார்த்துட்டேங்க. நல்ல பல்லை எடுத்தாச்சு. கெட்டது அவர் வாயிலயேதான் இருக்கு."

"அந்த ஆளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. கும்பிட்டுட்டுப் போறாரு மனுஷன்."

"டாக்டரம்மாவுக்கு?"

"அவங்க அஞ்சு மணிக்கே கிளம்பிட்டாங்க. போன்ல சொல்ற விஷயமா இது? நேர்ல படத்தைக் காட்டித்தான் சொல்லணும்."

அப்போது நாத்தனார்க்காரியின் குரல் உடைந்து வந்தது. "அண்ணி, இதய ஆஸ்பத்திரியிலேருந்து ஒரு கடுதாசி கொண்டாந்தாரு அண்ணி. அதுல இடதுன்னு தெளிவாப் போட்டிருந்துச்சு. நனைஞ்சு போயிருந்துச்சு. காயட்டும்னு ரிஜிஸ்டருக்கு அடியில வச்சேன். உள்ள அனுப்ப மறந்தே போயிட்டேன்."

"அடிப்பாவி" என்றார் வெல்டர். பிறகு தணிந்த குரலில், "இப்போ அந்தக் கடுதாசி எங்க?" என்றார்.

"அங்கேயேதான் இருக்கு."

"அப்போ நான் சொல்றதைக் கேளுங்க ரெண்டு பேரும். காலையில முதல் ஆளாப் போங்க. கடுதாசியைக் கிழிச்சுப் போடு. படத்தையும் தூக்கிப் போடு. பல்லா எழுந்து வந்து சாட்சி சொல்லப் போகுது?"

"பல்லு சொல்லாதுங்க. பதினோரு நாள்ல அவர் நெஞ்சைத் திறக்கப் போறாங்க. அந்தச் சீழ் உள்ள இருக்கு."

"அது அந்த ஆஸ்பத்திரிக்காரங்க பார்த்துக்குவாங்க."

"அவங்க நாம எடுத்துட்டோம்னு நம்பிக்கிட்டு இருப்பாங்க. நாம எழுதிக் கொடுத்திருக்கோம், எடுத்தாச்சுன்னு."

வெல்டர் எழுந்து நடக்கிற சத்தம் கேட்டது. "நோட்டுல எழுதி டீ குடிக்கிற விஷயமா இது? பேரை மாத்திக் கூப்பிட்டா யாரும் சிரிப்பாங்க. இதுல அவங்க பேரு, அவங்க போர்டு, எல்லாம் இருக்கு. தன் கையைச் சுட்டா யாரா இருந்தாலும் உதறிடுவாங்க. படத்தை மாட்டினது யாரு? நீ. கடுதாசியை வச்சது யாரு? இவ. அவங்களுக்கு ஆள் ரெடியா இருக்கு. உங்க ரெண்டு பேரையும் தூக்கிட்டா, நான் இந்த ஒத்தைக் கண்ணை வச்சுக்கிட்டு எங்க போய் நிப்பேன், சொல்லு?"

உண்மையைச் சொல்கிறேன், சுவருக்கு இந்தப் பக்கம் நான் வெல்டர் கட்சிதான். முப்பது வருஷம் டிப்போவில் நான் கண்டது அதைத்தான்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவள் குடையை விரித்துக்கொண்டு படியிறங்குவதைப் பார்த்தேன். பின்னாலேயே நாத்தனார்க்காரி, தலையைக்கூடச் சரியாக வாராமல், "நானும் வரேன் அண்ணி, நில்லுங்க" என்று ஓடினாள். வெல்டர் வாசலில் நின்று இரண்டு பேரையும் திட்டிக்கொண்டே இருந்தார். அவர்கள் தெருமுனை போகும் வரைக்கும் திட்டிவிட்டு, "பார்த்துப் போங்க, வழுக்கும்" என்று கத்தினார்.

பெரிய டாக்டர் ஏழரைக்கு வந்தார். சுத்தக்கா பிலிம் அட்டையையும் அந்தப் பல்லையும் மேஜையில் வைத்து, இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். டாக்டர் அட்டையை எடுத்து மூலையைத் தடவினார். பல்லைக் கையில் வைத்து உருட்டினார்.

அவர் கேட்ட முதல் கேள்வியை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். யார் மாட்டினது என்று கேட்கவில்லை. வேறு யாருக்குத் தெரியும் என்றும் கேட்கவில்லை.

"ஆபரேஷன் என்னிக்கு?" என்றார்.

"இன்னிக்கும் சேர்த்து இன்னும் பத்து நாள்தான் டாக்டரம்மா."

"அப்போ நேரம் இருக்கு." பெருமூச்சு விட்டார். "நல்ல வேளை சொன்னீங்க. முதல்ல உக்காருங்க."

அடுத்தது இதய ஆஸ்பத்திரிக்குப் போன். "நேத்து எடுத்தாச்சுன்னு எழுதிக் கொடுத்தேன். அது தப்பு. கெட்ட பல் இன்னும் இருக்கு" என்று அவரே தன் பெயரைச் சொல்லிப் பேசினார். அன்றைக்கு வரவேண்டியவர்களை எல்லாம் வேறு நாளைக்கு மாற்றச் சொன்னார். மதியம் கூட வேண்டிய கூட்டம் காலை எட்டரைக்கே கூடியது. பெரிய டாக்டர், சின்ன டாக்டர், சுத்தக்கா, நாத்தனார்க்காரி, தரை துடைக்கிறவர். வட்டமாக ஐந்து நாற்காலி.

சின்ன டாக்டர் முப்பது வயசுப் பையன், கெட்டிக்காரன், பெரிய டாக்டரிடம் தொழில் பழகியவன். விஷயத்தைக் கேட்டதும், "மேடம், முதல்ல வக்கீலைக் கேட்டுக்கலாம். அதுவரைக்கும் பேஷன்ட்கிட்ட எதுவும் பேச வேண்டாம்" என்றான்.

"கேட்கலாம். அவர்கிட்ட சொன்னதுக்கு அப்புறம் கேட்கலாம்."

நோட்டை எடுத்து டாக்டரே முதலில் எழுதினார். எழுதி முடித்து உரக்கப் படித்தார்.

"நேற்று ஒரு மனிதரின் நல்ல பல்லை எடுத்துவிட்டேன். படம் எந்தப் பக்கம் மாட்டியிருக்கிறது என்று நான் தொட்டுப் பார்க்கவில்லை. இதய ஆஸ்பத்திரிக் கடிதம் எங்கே என்று கேட்கவில்லை. பல் கைக்கு வந்தவுடன் வேர் சுத்தமாக இருப்பதைக் கண்டேன். ஒரு நிமிஷம் மனம் உறுத்தியது. அடுத்தவர் வெளியே காத்திருந்தார். அந்த உறுத்தலைத் தள்ளிவிட்டுப் பல்லை டப்பாவில் போட்டேன்."

இதைச் சுத்தக்கா சொன்னபோது நான் பேப்பரை மடித்துக் கீழே வைத்துவிட்டேன். வேரைப் பார்த்தபோது அவர் மனம் உறுத்தியது யாருக்குத் தெரியும்? எந்தப் படத்தில், எந்தக் கடிதத்தில் அது இருக்கிறது? அவராகச் சொல்லாவிட்டால் சாகும்வரை ஒருவருக்கும் தெரிந்திருக்காது. தன்னைக் காப்பாற்ற ஆயிரம் வழியிருந்தும் ஒரு மனுஷி தன்மேல் உள்ள மிகப் பெரிய குற்றத்தைத் தானே தோண்டி எடுத்து நடு மேஜையில் வைத்தார்.

அதன்பிறகு நோட்டு கைமாறியது. சுத்தக்கா எழுதினாள். நாத்தனார்க்காரி அழுதுகொண்டே எழுதினாள். "எல்லாம் என்னாலதான்" என்று அவள் ஆரம்பித்தபோது டாக்டர் தடுத்தார்.

"உங்க பங்கை மட்டும் எழுதுங்கம்மா. எங்க பங்கையும் நீங்களே எடுத்துக்காதீங்க."

பிறகு சின்ன டாக்டரும் நோட்டை வாங்கி, "விஷயம் தெரிந்தவுடன் மறைக்கத்தான் எனக்குத் தோன்றியது" என்று எழுதினான்.

"இனிமேல்?" என்று கேட்டார் டாக்டர். இனிமேல் மூன்றாவது குரலும் வேண்டும் என்று முடிவாயிற்று. டாக்டர் சொல்லி, உதவியாளர் சொல்லி, கடைசியில் நாற்காலியில் இருப்பவரே கண்ணாடியில் பார்த்து அந்தப் பல்லை விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். கடிதம் தட்டில் இல்லாமல் கருவித் தட்டு உள்ளே போகாது. பிலிமில் மேடு இருக்கும் மூலைக்கு மை வைக்க வேண்டும் என்று சொன்னது தரை துடைக்கிறவர்.

"இன்னொன்னு இருக்கு. பெரிய தப்பு செஞ்சவங்க அந்த வேலையைத் தனியாத் தொடக் கூடாது, இன்னொருத்தர் பக்கத்துல நின்னு பத்து முறை பார்த்துச் சரின்னு கையெழுத்துப் போடற வரைக்கும். அதனால நாளையிலேருந்து நான் தனியாப் பல் எடுக்கப் போறதில்லை. பத்து முறை நீங்க நின்னு பார்க்கணும்" என்று பெரிய டாக்டர் சின்ன டாக்டரைக் காட்டினார்.

அவன் எழுந்தே நின்றுவிட்டான். "நானா? உங்களையா மேடம்? எனக்கு இடுக்கி பிடிக்கவே நீங்கதானே..."

"விதியில யாரு பேரும் போடலையே."

"அண்ணி வேலை?" என்று மெல்லக் கேட்டாள் நாத்தனார்க்காரி.

"அவங்களுக்கும் அதே விதிதான். பத்துப் படம் யாராவது பக்கத்துல நின்னு பார்க்கட்டும். வீட்டுக்கு அனுப்பிட்டா அந்த மேட்டைத் தடவிப் பார்க்கிற விரலுக்கு நான் எங்க போவேன்?"

பத்து மணிக்கு டாக்டரும் சுத்தக்காவும் கொத்தனார் வீட்டுக்குக் கிளம்பினார்கள். சின்னச் சந்து, சாக்கடை நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. டாக்டர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். கொத்தனார் கட்டிலில் உட்கார்ந்து ரொட்டியைப் பாலில் ஊறவைத்து ஒரு கன்னத்தால் மென்றுகொண்டிருந்தார். இவர்களைக் கண்டதும் பதறி எழுந்தார்.

"என்ன டாக்டரம்மா நீங்க போய்! ஒரு துளி வலிக்கலை. ஊரெல்லாம் உங்க கையைப் பத்தித்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன். ஏய், நாற்காலியைத் துடைச்சுப் போடு."

சுத்தக்காவுக்கு நின்ற இடத்திலேயே புதைந்துவிடலாம்போல் இருந்ததாம். டாக்டர் உட்காரவில்லை.

"ஐயா, நேத்து நான் தப்பான பல்லை எடுத்துட்டேன். நல்ல பல்லு அது. கெட்டது இந்தப் பக்கம் இருக்கு, இன்னும் உங்க வாயிலதான் இருக்கு. ஆபரேஷனுக்கு முன்னாடி அதை எடுத்தே ஆகணும். இதய டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். செஞ்சது என் தப்பு. மன்னிச்சுக்குங்க."

கொத்தனார் வாயிலிருந்த ரொட்டியை முழுங்கினார். நாக்கால் அந்தப் பள்ளத்தைத் தொட்டுப் பார்ப்பது கன்னத்தில் தெரிந்தது.

அவர் மனைவிதான் பிடித்துக்கொண்டாள். "படிச்சவங்கதானே நீங்க? இடது கை எது வலது கை எதுன்னு பாலர் பள்ளியில சொல்லித் தரலையா? ஏற்கெனவே நெஞ்சுல ஓட்டையை வச்சுக்கிட்டு நிக்கறாரு மனுஷன், அவர் வாயில வேற குழி தோண்டிட்டு வந்து மன்னிப்பா?"

டாக்டர் "ஆமாம்மா" என்று இரண்டு முறை சொன்னார்.

"யாரு அந்தப் படத்தைத் திருப்பி மாட்டினது?"

"பார்த்தது என் கண்ணும்மா" என்றார் டாக்டர்.

"மாட்டினது நான்" என்றாள் சுத்தக்கா.

அந்த அம்மாள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்க வந்து சொல்லலைன்னா எங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது" என்றார் டாக்டர்.

வெளியே மழை கூரைத் தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. கடைசியில் கொத்தனார் பேசினார். "கோபம் வருது டாக்டரம்மா. வராம இருக்குமா? இனி உங்க நாற்காலியில என்னால நிம்மதியாப் படுக்க முடியாது."

"வேண்டாம். வேற ஆஸ்பத்திரிக்கு நானே ஏற்பாடு பண்றேன். படம், கடிதம், நான் செஞ்ச தப்பு எல்லாம் எழுத்துல அனுப்பறேன். செலவு என்னோடது."

"அது சரி." கொத்தனார் சுத்தக்காவைக் கை காட்டினார். "ஆனா அங்க பல்லைத் தொடறப்போ இந்தப் பொண்ணு என் பக்கத்துல நிக்கணும்."

செவ்வாய்க்கிழமை சுத்தக்கா அந்த ஆஸ்பத்திரிக்குப் போனாள். பளிங்குத் தரை, ஜில்லென்ற காற்று, சுவர் உயரத்துக்கு டிவி. அங்கத்து டாக்டர் அவசரக்காரர். ஊசி போட்டுவிட்டு இடுக்கியை எடுத்தார்.

"நில்லுங்க டாக்டர்" என்றாள் சுத்தக்கா.

அறையில் எல்லோரும் திரும்பினார்கள். வாசலோரம் நின்ற கொத்தனார் மனைவியும் திரும்பினாள்.

"எந்தப் பல்லுன்னு சத்தமாச் சொல்லிடுங்க டாக்டர். நானும் சொல்றேன். அப்புறம் அவரும் தொட்டுக் காட்டட்டும்."

"நீ யாரும்மா எனக்குச் சொல்ல?"

"அவங்க தப்பு செஞ்சவங்க" என்று குழறலாகச் சொன்னார் கொத்தனார். "அவங்களுக்குத்தான் தெரியும். சொல்லிடுங்க டாக்டர்."

டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "கீழ் வரிசை, இடது, ஆறு." சுத்தக்கா திருப்பிச் சொன்னாள். கொத்தனார் கண்ணாடியை வாங்கிப் பார்த்து, சிமெண்ட் ஏறிக் காய்த்த விரலால் பல்லைத் தொட்டார். பத்து நிமிஷத்தில் பல் வெளியே வந்தது. வேர் நுனியில் சீழ்ப் பை பட்டாணி அளவுக்குத் தொங்கியது. சுத்தக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

வெளியே பெஞ்சில் கொத்தனார் மனைவி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அன்று வீட்டில் பேசியதற்குப் பிறகு அவளோடு ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

"அந்த நல்ல பல்லை என்ன பண்ணீங்க?"

"டாக்டரம்மா தன் மேஜை மேல ஒரு கண்ணாடிக் குப்பியில போட்டு வச்சிருக்காங்க. வர்றவங்க போறவங்க கேட்டா என்னன்னு சொல்றாங்க. உங்களுக்கு வேணும்னா நாளைக்கே கொண்டாந்து தரேன்மா."

அந்த அம்மாள் எழுந்து முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள்.

"வேண்டாம்" என்றாள். "எங்க வீட்டுல அது வெறும் பல்லு. அங்கேயே இருக்கட்டும்."